பச்சை மூங்கில் பல்லக்கு

என் தம்பி முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம், எண்ணெய்ச் சட்டியைக் காலால் தள்ளி மேசைக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான்.

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் நாஸ்தா கடை. இட்லி, பூரி, வடை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்குப் பொங்கலும் உண்டு. அந்தச் சந்துக்குள் ஒரு நாள் காலையில் பெரிய கார் ஒன்று வந்தது. நிற்க இடம் இல்லாமல் முன்னாலும் பின்னாலும் நகர்ந்து, கடைசியில் என் தோசைக் கல்லுக்கு நேராக நின்றது. இறங்கியவர் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். எனக்கு வேறு என்ன தோன்றும்? எண்ணெய் பரிசோதிக்க வந்த ஆபீசர் என்றுதான் தோன்றியது. முந்தின நாள் வடை சுட்ட எண்ணெய் காலடியிலேயே இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றேன். அவர் உட்காரவில்லை. எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டார். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, நான் அவள் பெண்தான், என்ன விஷயம் என்றேன். ஒரு கால் அப்போதும் சட்டியை மறைத்துக்கொண்டுதான் இருந்தது. வந்தவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு சொன்னார்:

"அப்போ நீங்க என் அக்கா."

ஆபீசர் இல்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான் வந்தது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், கல் நெஞ்சுக்காரி என்று என்னைத் திட்டுவார். திட்டட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்குத் திடீரென்று ஒரு தம்பி காரில் வந்து இறங்கினால், எந்த நெஞ்சுக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது தெரியாத விஷயம் இல்லை. அப்பா தவறிப்போனபோது எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. அவனுக்கு இழுப்பு வேறு. செங்கல்பட்டில் அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், பிள்ளை இல்லை, அந்த ஐயாவுக்கு மத்திய அரசு வேலை. தம்பிக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்கள்தான். வடக்கே மாற்றல் வந்ததும், இவனாவது பிழைக்கட்டும் என்று அவனையும் கூட அனுப்பிவிட்டாள் அம்மா. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி வந்து தம்பி எங்கே என்று கேட்டதற்கு முதுகில் ஓர் அறை விழுந்தது. அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. அவன் நாக்பூரில் வளர்ந்து, டெல்லியில் படித்து, இப்போது சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய பதவியில் இருக்கிறான். அந்த ஐயா கண்ணை மூடும் முன்னால் எங்கள் ஊர்ப் பெயரையும் அம்மா பெயரையும் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

சரி, அக்காவும் தம்பியும் சேர்ந்தாயிற்று. கட்டிப்பிடித்து அழுதும் முடித்தோம். அதற்கு அப்புறம் என்ன பேசுவது? அதுதான் இருவருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு இட்லியை ஸ்பூனால் வெட்டி வெட்டிச் சாப்பிடுவான். வியாபாரம் எப்படிப் போகிறது என்பான். போகுது என்பேன். ஆபீஸ் எப்படி என்பேன். போகுது என்பான். அப்புறம் இரண்டு பேரும் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்போம். அவன் என்னை வாங்க போங்க என்பான், நான் அவனை வாங்க போங்க என்பேன். சம்பந்தி வீட்டு ஆட்கள்கூட அத்தனை மரியாதையாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு தீபாவளிக்கு, எண்ணெயே இல்லாமல் வடை சுடுகிற மெஷின் ஒன்றை எனக்கு வாங்கி வந்தான். வடைக் கடைக்காரிக்கு எண்ணெய் இல்லாத வடை! என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் இன்றுவரை அதன்மேல்தான் ஆட்டோ சாவியை வைக்கிறார். பதிலுக்கு நான் சும்மா இருப்பேனா? கடப்பாக்கத்தில் சொல்லி வைத்து, நல்ல நெத்திலிக் கருவாடாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஓ.எம்.ஆரில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனேன். லிப்டில்தான் ஏறினேன். நான் ஏழாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள், லிப்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது, உடனே கவனிக்கவும் என்று அந்தக் கட்டடத்து வாட்ஸ்அப்பில் செய்தி போய்விட்டது. தம்பி பெண்டாட்டி தங்கமான பெண். முகம் சுளிக்காமல் பொட்டலத்தை இரண்டு விரலால் வாங்கி, ரொம்ப நன்றி அக்கா என்று சொல்லி, நேராகக் கொண்டுபோய் பால்கனியில் வைத்தாள். அதற்கு அப்புறம் அது காக்கையின் பாடு.

இப்படியே போயிருந்தால் இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமையில் அவன் வருவது நின்றிருக்கும். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு பாட்டு. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒப்பாரி வைப்பாள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பெற்ற பிள்ளைகளே அழாத வீட்டில்கூட அம்மா போய் உட்கார்ந்து இரண்டு அடி எடுத்தால் போதும், பந்தல் போடுகிறவன்கூட மூக்கை உறிஞ்சுவான். ஆனால் வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டால் அந்த ராகத்தை வாயிலேயே எடுக்க மாட்டாள். வீட்டில் ஒப்பாரி முனகினால் சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்பாள். நான் தெரியாமல் ஒரு முறை முனகியதற்குக் கரண்டியால் வாங்கியிருக்கிறேன்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. நான் வடை போட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் பெஞ்சில் தம்பி ஏதோ முனகுகிறான். காதில் விழுந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவின் ராகம். அதே இழுப்பு, அதே இடத்தில் ஒரு விம்மல். வடை கருகிப் போயிற்று. என்ன பாட்டு அது என்று கேட்டேன். அம்மா பாடின தாலாட்டு, அம்மா ஞாபகமாகத் தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே பாடினான்.

பச்ச மூங்கில் வெட்டி வந்து பல்லக்கு கட்டி வெச்சேன்
பன்னீரும் தெளிச்சு வெச்சேன் படுத்துறங்கு என் ராசா
நாலு பேரு தூக்கும்போது நடுவழியில் முழிக்காதே

பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர் பாதித் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். "யார் வூட்லம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். யார் வீட்டிலும் இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்று உட்கார வைத்தேன்.

தம்பிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவன் பாட்டின் அழகை விளக்கிக்கொண்டிருந்தான். ஓர் ஏழைத் தாய்க்கு எப்பேர்ப்பட்ட கற்பனை பாருங்கள் அக்கா, பிள்ளைக்குப் பல்லக்கு, பன்னீர், தூக்க நாலு சேவகர்கள், பல்லக்கு குலுங்கினால் குழந்தை விழித்துவிடுமே என்ற கவலை வேறு என்று உருகினான். தன் பெண்ணுக்குப் பத்து வயதுவரை தினமும் இதைப் பாடித்தான் தூங்க வைத்தானாம். அந்தப் பெண் மூக்கும் முழியுமாக வளர்ந்து நிற்பதே நம் குலசாமி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஒப்பாரி என்று எப்படிச் சொல்வது? அவனிடம் அம்மாவின் போட்டோகூட இல்லை. என்னிடமும் இல்லை. அம்மா இடுப்பில் உட்கார்ந்து ஏதோ சாவு வீட்டுக்குப் போனபோது கேட்டிருப்பான், பிள்ளை மனசு அதைத் தாலாட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அது முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டுதான். தம்பி போனில் தம்புரா வைத்திருந்தான். விரலால் தொட்டால் 'ஙொய்' என்று ஓடும். கம்ப்யூட்டரிலேயே வாத்தியார் வைத்துக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறவன் அவன். அவன் வார்த்தையோடு பாடுவான், நான் கூடவே ராகத்தை மட்டும் முனகுவேன். வார்த்தை இல்லாவிட்டால் சாவுக்கு அடையாளம் தெரியாது என்று எனக்கு ஒரு கணக்கு. ஒரு நாள் 'ராசா' என்கிற இடத்தில் அவன் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி மேலே ஏறி, கீழே இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி ஒரு வித்தை காட்டினான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாடா இது, சந்துல கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி? நேரா போடா!"

சொன்ன பிறகுதான் 'டா' போட்டுவிட்டது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். தம்பி என்னையே பார்த்தான். அப்புறம் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். "இன்னொரு தடவை திட்டு அக்கா" என்றான். திட்டுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வாங்க போங்க அன்றோடு ஒழிந்தது. ஸ்பூனும் ஒழிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காஞ்சிபுரம் பக்கம். பத்திரிகை வைக்க வந்த தம்பி முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஒரு திட்டம் சொன்னான். தாலி கட்டி முடிந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு, வயலின் வைத்து, அக்காவும் தம்பியும் மேடையில் ஏறி அம்மாவின் தாலாட்டைப் பாட வேண்டுமாம்.

தாலி ஏறிய கையோடு பாடைப் பாட்டா? மாப்பிள்ளை வீட்டார் நாக்பூர்க்காரர்கள் இல்லை, காஞ்சிபுரத்துக்காரர்கள். பச்சை மூங்கில் என்ற முதல் வார்த்தையிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும். என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். "இன்னாமே யோசிச்சிகினு கீற? சொல்லிடு. அபசகுனம்னு பொண்ண அங்கியே வுட்டுட்டுப் பூடுவாங்க." அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் சொன்னால் தம்பியிடம் இருக்கிற அந்த மூன்று வரி அம்மாவும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவன் பெண்ணின் வாழ்க்கை முதல் நாளே சந்தி சிரிக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடிதான்.

என்னால் ஆன தில்லுமுல்லு எல்லாம் செய்து பார்த்தேன். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். மிளகுக் கஷாயம் வாங்கி வந்தான். வேறு நலங்குப் பாட்டு பாடலாமே என்றேன். தன்னிடம் வேறு பாட்டு ஏது என்றான். கடைசியில் பாட்டையே மாற்றப் பார்த்தேன். அம்மா பாடியது பச்சை மூங்கில் இல்லை, பவள மூங்கில் என்றேன். நாலு பேர் என்று நீ தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறாய், அஞ்சு பேர் என்றேன். அவன் விரலால் தாளம் போட்டுப் பாடிப் பார்த்துவிட்டு, அஞ்சு பேர் தாளத்தில் உட்காரவில்லை அக்கா, நாலு பேர்தான் சரியாக வருகிறார்கள் என்றான். வராமல் எங்கே போவார்கள்!

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை. வயலின்காரர் சாப்பிடப் போயிருந்தார். இனியும் தள்ளிப்போட முடியாது என்று தம்பியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"தம்பி, அது தாலாட்டு இல்லடா. ஒப்பாரி. பச்ச மூங்கில்னா பாடைடா. நாலு பேருன்னா இன்னான்னு நான் வேற சொல்லணுமா?"

அலை வந்து அவன் ஷூவை நனைத்தது. அவன் நகரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மூன்று வரியையும் ஒருமுறை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டான் போலிருக்கிறது. 'தூக்கும்போது' வந்த இடத்தில் கண் விரிந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். பத்து வருஷம் அக்கா, தினமும் ராத்திரி என் பொண்ணுக்கு, பன்னீர் எல்லாம் தெளிச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆபீஸில் ஒரு பெரிய ஆளின் பிரிவு உபசாரத்தில்கூடப் பாடினானாம். எனக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு புதுஜோடி பயந்து தள்ளிப் போயிற்று.

சிரித்து ஓய்ந்த பிறகு அவன், அம்மா ஏன் தனக்கு அதைப் பாட வேண்டும் என்று கேட்டான். ஏதாவது சாவு வீட்டில் கேட்டிருப்பாய் என்று என் சமாதானத்தைச் சொன்னேன். அவன் தலையாட்டி மறுத்தான்.

"இல்ல அக்கா. நான் அம்மா மடியில இருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். வாசல்ல ஜீப் நின்னுது. தொடையில தட்டித் தட்டிப் பாடினாங்க. தூங்கிட்டேன். முழிச்சப்ப ரயில்ல இருந்தேன்."

வீட்டில் முனகினாலே கரண்டியால் அடிக்கிற அம்மா, வாசலில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். அவளுக்கு அன்றைக்கு அது சாவுதான். வேறு எந்தப் பாட்டை அவள் பாடியிருக்க முடியும்? நடுவழியில் முழிக்காதே என்பது அந்தப் பாட்டில் எல்லாப் பிணத்துக்கும் சொல்லுகிற வரிதான். அன்று மட்டும் அதை உண்மையாகவே சொல்லியிருக்கிறாள். ஜீப் போகிற வழியில் விழித்துக்கொண்டு அம்மா என்று அழுதுவிடாதேடா ராசா என்று. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் அம்மா தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. தம்பிக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கு மேடையில் பாட வேண்டாம் அக்கா என்றான்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வயலின்காரர் தனக்குத் தெரிந்த எதையோ வாசித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் நிம்மதியில் பாயசம் மூன்று தடவை வாங்கினார். நானும் எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்புகிற நேரம். பூச்சரம் தொங்கவிட்ட கார் வாசலில் நிற்கிறது. சம்பந்தி வீட்டார் பின்னால் வேனில் போவதற்காகச் சுற்றி நிற்கிறார்கள். பெண் காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தப் போன அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"அப்பா, என் பாட்டு? பாடவே இல்லையே நீ. பாடிட்டு அனுப்புப்பா."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தம்பி வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றான். முடியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கிற பார்வை. அவன் பெண்டாட்டி விஷயம் தெரியாமல், படம் பிடிக்கப் போனைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறாள். என் வீட்டுக்காரர் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்து, மெல்லச் செருப்பைத் தேடினார்.

எவன் என்ன சொன்னால் எனக்கு என்ன? அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுத்தான் கண்ணுறங்கியிருக்கிறாள். நான் கார் கதவருகே போய்க் குனிந்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, முதல்முறையாக வார்த்தையோடு பாடினேன். பச்சை மூங்கில், பன்னீர், நாலு பேர், ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது அடியில் தம்பியின் குரல் வந்து சேர்ந்துகொண்டது. வளைக்காமல் நேராகப் பாடினான். பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, போயிட்டு வர்றேன் அத்தை என்றாள். கார் கிளம்பிற்று.

வேனில் ஏற வேண்டிய சம்பந்தியம்மா ஏறாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கார் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா பாட்டும்மா அது?"

"தாலாட்டு."

"எங்க ஊர்ல இத வேற எடத்துல பாடுவாங்க."

"எங்க ஊர்லயும்தான்" என்றேன்.